ஆடி வெயிலில் ஊருக்குப் போவோருக்கு

2019 யூலையில் பாரிஸ் நகரம் 42.6 பாகை வெப்பத்தைக் கண்டது. அதைத் தாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துக்குக் கைபேசி காட்டும் 33 பாகையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பலாலி விமான நிலையத்திலோ கட்டுநாயக்காவிலோ இறங்கும்வரைதான் அந்தச் சிரிப்பு.

அந்த 33 என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. நல்லூர் வீதியின் தார் அதற்குள் அடங்காது. குடாநாட்டைச் சுற்றிக் கடல். காற்றில் ஈரம் மிகுதி. 33 பாகையோடு ஈரப்பதன் 70 வீதம் சேர்ந்தால் உடம்பு உணர்வது 40ஐத் தாண்டிவிடும். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இரவிலும் விடிவில்லை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் ஓரளவு தணியும். இங்கே நடுச்சாமத்திலும் 27, 28 பாகையில் நிற்கும். போதாததற்கு, ஓகஸ்ட் கடைசி வாரத்தில் சூரியன் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் வருகிறது. நண்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி மழைக்கு வருவோம். புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே கைபேசியைத் திறந்து, வரிசையாக இடிமுகில் படங்களைக் கண்டு கலங்குபவர்கள் பலர். அந்தச் செயலிகளுக்கு அடிப்படை உலகளாவிய கணினி மாதிரிகள். அவற்றில் பெயர்பெற்றவைகூட உலகத்தைச் சுமார் 9 முதல் 13 கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. ஐரோப்பாவில் மழையைப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான முகில் அணிகள் கொண்டுவருகின்றன. அவற்றை முன்கூட்டியே காணலாம். நம் ஊரில் கோடை மழை அப்படியல்ல. நிலம் சூடேறி, கடற்காற்று உள்ளே வந்து, பின்னேரம் ஒரு முகில் திரண்டு, கோப்பாயில் கொட்டிவிட்டுப் பக்கத்து ஊரான உரும்பிராயை எட்டிப் பார்க்காமல் போய்விடும். எந்த ஊரில் கொட்டும் என்று பத்து நாளுக்கு முன்னால் சொல்ல எவராலும் முடியாது. படம் போடுவது செயலியின் தொழில், அதைப் போட்டுவிடும்.

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிக்கை இந்த விடயத்தில் நேர்மையானது. "சில இடங்களில், பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்" என்பது போன்ற சொற்களில் எழுதுவார்கள். மழுப்பல் போலத் தெரிந்தாலும் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லும் வாசகம் அது. தமிழிலும் வருகிறது. முதல் நாள் மாலை அதை ஒருதரம் பார்த்தால் போதும். வெப்பச் சுட்டெண் (வெப்பமும் ஈரமும் சேர்ந்து உடம்பு உணரும் அளவு) எச்சரிக்கை வந்திருந்தால் மட்டும் மறுநாள் திட்டத்தை மாற்றுங்கள்.

மற்றதைக் காற்றே சொல்லிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் வறண்ட சுடுகாற்றாக வந்து சேரும். அதுதான் கச்சான். யாழ்ப்பாணத்தில் இதே காலத்துக் காற்று சோளகம். அது வீசும்வரை வேப்பமர நிழலில் இருந்து தப்பிக்கலாம். திடீரென்று காற்று விழுந்து, இலை அசையாமல், வெக்கை இறுகினால் குடையைத் தேடுங்கள். சோளகம் பலமாக வீசினால் கடலும் கொந்தளிக்கும். நெடுந்தீவு, நயினாதீவு போகிறவர்கள் குறிகட்டுவான் துறையில் காலைப் படகைப் பிடிப்பதும், படகு ஓடுமா என்று முதல் நாளே அங்குள்ள உறவினரைக் கேட்டுவைப்பதும் நல்லது.

ஊரவர்களின் நேரக்கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழும்பி, சந்தை, வங்கி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவல்களைப் பத்து, பத்தரைக்குள் முடித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்ந்து, நாலரைக்குப் பிறகு வெளியே போவார்கள். அதைச் சோம்பல் என்று பிள்ளைகள் நினைத்தால் ஒருநாள் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளில் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். (தண்ணீர்ப் போத்தலோடு.) உடம்பு பழக ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும். இறங்கிய மறுநாளே தேருக்குப் போவதும், மூன்று வீட்டு விருந்தும், மடு மாதா கோவிலுக்கு வான் பிடிப்பதும் வேண்டாம்.

தங்கும் வீட்டைப் பற்றி ஒரு சொல். புதிதாகக் கட்டிய தட்டைக் கொங்கிறீட் கூரை வீடு பகலில் வெயிலை விழுங்கி இரவில் கக்கும். மேல்மாடி அறையை உங்களுக்கென்று அன்போடு ஒதுக்கியிருப்பார்கள். கூச்சப்படாமல் கீழ் அறையைக் கேளுங்கள். குளிரூட்டி இருந்தாலும் மின்சாரம் போகலாம். ஓட்டு வீடும் திறந்த சாளரமும் கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்னொன்று, மத்தியானம் குழாயைத் திறந்து பிள்ளையின் தலையில் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். கூரைத் தாங்கியிலிருந்து முதலில் வருவது கொதிநீர் போலிருக்கும். வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும். கிணறு இருந்தால் கவலையில்லை, எந்த நேரமும் அள்ளிக் குளிக்கலாம். ஆனால் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறியபின் குடியுங்கள்.

போகிற வீடெல்லாம் சீனி தூக்கலாகத் தேநீரும் சோடாவும் வரும். மோர் இருக்கிறதா, தேசிக்காய்த் தண்ணீர் தருவீர்களா என்று கேளுங்கள். மாமியோ பெரியம்மாவோ கோபிக்க மாட்டார்கள், மகிழ்ந்துதான் போவார்கள். தெருவோரச் செவ்விளநீர் இருக்கவே இருக்கிறது. அதிகம் வியர்த்தவருக்கும் வயிற்றோட்டம் பிடித்தவருக்கும் மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளை வாங்கிக் கரைத்துக் கொடுங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், எல்லோரும் வெறுங்கால்தான். முதுகும் பாதமும் வெயிலில். அதிகாலைப் பூசைக்கும் மாலைத் திருவிழாவுக்கும் போனால் தொல்லையில்லை. தேரன்று விடியுமுன் போய், நிழல் பக்கமாக இடம் பிடித்து, வயதானவர்களுக்கு ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுபோங்கள். தண்ணீர்ப்பந்தல்கள் நிறைய இருக்கும். ஆவணி முகூர்த்தக் கலியாணத்துக்குப் பட்டு கட்டத்தான் வேண்டும். மண்டபத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம், வானுக்குள் பருத்தியே போதும்.

இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் குளிசை எடுக்கும் பெற்றோர் இருந்தால், புறப்படுமுன் அவர்களின் வைத்தியரிடம் வெப்பக் காலத்துக்கான அளவைக் கேட்டுவிடுங்கள். இன்சுலினை நிறுத்திய வாகனத்துக்குள் ஒருபோதும் விட்டுவிட வேண்டாம். வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு தணலாகக் கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990ஐ அழையுங்கள். நாடு முழுதும் இயங்கும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை அது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. கோடைச் சாரலைப் பற்றிச் செயலி சொல்வதை ஒதுக்கலாம். வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற செய்தியை ஒதுக்கவே கூடாது. அவை பெரியவை, சில நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் பாதையும் வேகமும் கடைசிவரை மாறலாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய்த் தங்கிவிட்டது. புயல் கடந்துவிட்டது என்று நினைத்திருந்த யாழ்ப்பாணத்தில் அதன்பிறகும் மழை கொட்டியது. அந்தப் பருவத்தில் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே கொழும்புக்கு வந்துவிடுங்கள். ஏ9 வீதியில் வெள்ளம் ஏறினாலும் புகையிரதம் நின்றாலும் அந்த ஒரு நாள் கையில் இருக்கும்.