ஆலை வாசலில் இறங்கும் பேட்டரிக்குப் புல்லி கணக்கு

"அண்ணே, 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டும் பேட்டரி சார்ஜ் இறங்குகிறதே" என்று போன மாதம் ஒரு தம்பி மலேசியாவின் தாப்பாவில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் கருவி; பெல்ட் ஓடும் சக்கரம்தான் புல்லி. செம்பனைக் குலை ஏற்றும் 24 வோல்ட் லோரி. எண்ணெய் ஆலை வாசலில் இரவு முழுக்க எஞ்சினையும் விளக்குகளையும் அணைக்காமல் வரிசையில் நிற்கும்.

அந்த 80 ஆம்பியர், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. லோரி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் கிடைப்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் சுமையைக் கூட்டுங்கள். தம்பியின் லோரியில் எல்லா விளக்கும் ஏர்கோன் விசிறியும் சேர்த்து 650 வாட். சார்ஜ் ஏறும்போதுள்ள வோல்ட்டான 28-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். பேட்டரி சார்ஜ் ஏறவும் கொஞ்சம் வேண்டும். 30 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து விகிதம்: எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்று சுற்றும் என்பது. V பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுவதால் புல்லியின் வெளி விளிம்பை அளப்பது ஏமாற்றும். எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, இரண்டு புல்லியிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கைக் கையால் ஐந்து சுற்று சுற்றி, ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எனக்குப் பத்து வந்தது, விகிதம் 2. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று என்றால் ஆல்டர்னேட்டருக்கு 1,300தான். தயாரிப்பாளரின் வரைபடத்தில் அந்த வேகத்தில் கிடைப்பது மிகச் சொற்பம். 1,800-இல் 40 ஆம்பியர்.

ஆகவே 2.8 விகிதம் தரும் சிறிய புல்லியைத் தேர்ந்தேன்: 1,820 சுற்று. இன்னும் சிறியதாக 3 விகிதத்துக்குப் போகலாமே என்று தம்பி கேட்டார். கூடாது என்றேன். மலைமேல் உள்ள ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்குப் பாரத்தோடு இறங்கும்போது லோரியே எஞ்சினைத் தள்ளும்; எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 2,800 வரை போவதைப் பார்த்திருக்கிறேன். 3-ஆல் பெருக்கினால் 8,400. அந்த ஆல்டர்னேட்டரின் எல்லை 8,000 சுற்று. தாண்டினால் ரோட்டரும் பேரிங்கும் பழுதாகும். 2.8-இல் 7,840, அதுவே விளிம்புதான்.

புல்லி சிறுத்தால் பெல்ட் பற்றும் வளைவும் குறையும், நழுவும். பழைய பெல்ட்டையே இழுத்து முறுக்காதீர்கள். நீளம் குறைந்த புதிய பெல்ட் போடுங்கள். பேட்டரிக்குப் போகும் கேபிளின் தடிமனையும் பாருங்கள்.

பிறகு எல்லா விளக்கையும் போட்டு, ஐட்லிங்கில் பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். தம்பியின் லோரியில் முன்பு 24.3 வோல்ட் காட்டியது, இப்போது 27.6; பேட்டரி சார்ஜ் ஏறுகிறது.