வன்னி மாவட்டங்களின் புற்றுநோய் வீதங்களை ஒப்பிடுவது எப்படி

"முல்லைத்தீவில் புற்றுநோய் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்குள், எந்த வயதில், எந்த விலாசத்தில் என்று உடனே கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கையில் இல்லாவிட்டால் மாவட்டங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. வன்னிக் கணக்கை (இங்கே வன்னி என்பது முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்கள்) அதிகம் கெடுப்பது விலாசம்தான். ஆகவே சூத்திரங்களுக்கு முன் அதைச் சரிபார்த்துவிடுவோம்.

நோயாளியை அவர் வசிக்கும் மாவட்டத்தில் எண்ண வேண்டும், சிகிச்சை பெற்ற மாவட்டத்தில் எண்ணக்கூடாது. நோய் கண்டறியப்பட்ட நாளில் அவர் வழக்கமாக எங்கே குடியிருந்தார் என்பதே கணக்கு. வன்னி ஆட்கள் பலர் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ சிகிச்சைக்குப் போகும்போது, அங்கே தங்கும் உறவினரின் விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை அப்படியே பதிந்தால் ஒட்டுசுட்டான் நோயாளி யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எண்ணப்படுவார். பதிவில் நிரந்தர விலாசம், தற்காலிக விலாசம் என இரண்டு இடம் இருந்தால் இரண்டையும் வாங்கிப் பாருங்கள்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் நடுவே இருக்கும் மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. முல்லைத்தீவுப் பக்கம் போய்வரும் நெடுங்கேணி வவுனியா மாவட்டம். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வழியில் வரும் முழங்காவில் கிளிநொச்சி மாவட்டம். குளத்தின் பெயரைக் கொண்ட ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கின்றன. பிரதேச செயலகப் பிரிவும் கிராம அலுவலர் பிரிவும் தெரிந்தால்தான் ஒரு பதிவை மாவட்டத்தில் போடலாம். இன்னொரு பொறி: வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே வருகின்றன, கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. தேர்தல் மாவட்டத் தொகையை எடுத்து வகுத்தால் எல்லாமே பிழைத்துவிடும்.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஒரே ஆள் இரண்டு மூன்று வைத்தியசாலைப் புத்தகங்களில் இருப்பார். பெயரை வைத்து ஒப்பிடுவது கஷ்டம்: முதலெழுத்து ஓரிடத்தில் தகப்பனுடையது, இன்னோரிடத்தில் கணவனுடையது, ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஒவ்வொரு எழுதுவினைஞரிடமும் மாறும். அடையாள அட்டை இலக்கம்தான் உதவும். ஆனால் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதை மாற்ற, முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி நான்கு இலக்கங்களை எழுதி, ஆங்கில எழுத்தை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பன்னிரண்டு இலக்கமாக்கிய பிறகு வரிசைப்படுத்தினால் இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவருக்கு இரு வேறு உறுப்புகளில் தனித்தனிப் புற்று இருந்தால் அது இரண்டு நிகழ்வு. மார்பகப் புற்று ஈரலுக்குப் பரவியிருந்தால் அது ஒன்றே.

கீழே போடும் எண்

வகுக்கும் எண் குடித்தொகை. 2012 தொகைமதிப்பில் முல்லைத்தீவில் சுமார் 92,000, மன்னாரில் 99,500, கிளிநொச்சியில் 113,500, வவுனியாவில் 172,000 பேர். அடுத்த தொகைமதிப்பு 2024 இறுதியில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இரண்டு தொகைகளுக்கும் நடுவே, வயதுப் பிரிவு வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக ஆண்டு நடுத் தொகையைக் கணிக்க வேண்டும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவனம்: தொகைமதிப்பு நடந்தது மார்ச்சில், போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது அதே ஆண்டு செப்டெம்பரில். மீள்குடியேற்றம் முடியாத வேளையில் எடுத்த தொகை அது. அதற்கு முந்திய முழுத் தொகைமதிப்பு 1981இல். இடையில் இருக்கும் போர்க்கால ஆண்டுகளுக்கு மாவட்ட வீதம் போட்டு "கூடியது, குறைந்தது" என்று கோடு கீறாதீர்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதே நிலையாக இல்லாத காலம் அது.

கருப்பைக் கழுத்துப் புற்றுக்குப் பெண்களின் தொகையால் மட்டும் வகுக்க வேண்டும். மொத்தத் தொகையால் வகுத்தால் வீதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வயதைச் சீராக்குதல்

புற்றுநோய் வயதோடு ஏறும். இளம் ஆட்கள் நிறைந்த மாவட்டத்தையும் முதியவர்கள் மிஞ்சிய மாவட்டத்தையும் பருமட்டான வீதத்தில் (வயது பாராமல், நோயாளரை மொத்தத் தொகையால் வகுத்தது) ஒப்பிட்டால் வயதைத்தான் ஒப்பிடுகிறீர்கள். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்தவை.

முதல் மாவட்டத்தில் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தால் 40க்குக் கீழ் 330,000 ஆள்-ஆண்டுகள் (ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் கூட்டியது), 40 முதல் 59 வரை 110,000, 60க்கு மேல் 35,000. நோயாளர் முறையே 2, 8, 10. மொத்தம் 20, பருமட்டான வீதம் இலட்சத்துக்கு 4.21. இரண்டாவது மாவட்டத்தில் 500,000, 235,000, 140,000. நோயாளர் 3, 17, 40. மொத்தம் 60, வீதம் 6.86. பார்ப்பவர் இரண்டாவதில் ஒன்றரை மடங்குக்கு மேல் என்பார்.

இப்போது ஒவ்வொரு வயதுப் பிரிவின் வீதத்தையும் தனியே எடுங்கள். முதலாவதில் 0.61, 7.27, 28.57. இவற்றை உலக நியமக் குடித்தொகையின் (ஒப்பீட்டுக்கென எல்லோரும் பொதுவாக வைத்துக்கொள்ளும் வயதுப் பங்கீடு) பங்குகளால் பெருக்க வேண்டும். சேகி என்ற ஜப்பானியரின் பெயர்கொண்ட பழைய உலக நியமத்தில் இந்த மூன்று பிரிவுகளின் பங்கு நூற்றுக்கு 68, 21, 11. பெருக்கிக் கூட்டினால் 5.08. இரண்டாவதற்கும் அதையே செய்தால் 5.07. வித்தியாசம் முழுவதும் வயதிலிருந்து வந்தது! உண்மையான வேலையில் மூன்று பிரிவு போதாது, ஐந்தைந்து வயதாகப் பதினெட்டுப் பிரிவு எடுங்கள். எந்த நியமம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அட்டவணைகள் அந்நாட்டின் 2000ஆம் ஆண்டுக் குடித்தொகையை நியமமாகக் கொள்கின்றன. அந்த எண்களை நமது சேகி எண்களோடு பக்கத்தில் வைக்க முடியாது.

சிறிய எண்ணின் ஆட்டம்

ஒரு இலட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் ஓர் ஆண்டில் ஐந்து பேருக்கு ஒரு நோய் வந்தது, மறு ஆண்டு பத்துப் பேருக்கு. இரட்டிப்பு என்று தலைப்புப் போடலாம், ஆனால் அது வெறும் தற்செயலாகவே இருக்கக்கூடும். 95 சத நம்பக எல்லைகளை, அதாவது தற்செயல் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பை, பாருங்கள்: எண்ணியது 5 என்றால் 1.6 முதல் 11.7 வரை, 10 என்றால் 4.8 முதல் 18.4 வரை, 20 என்றால் 12.2 முதல் 30.9 வரை, 100 என்றால் 81 முதல் 122 வரை. ஆகவே ஐந்து ஆண்டுகளையாவது சேர்த்தே வீதம் போடுங்கள். அமெரிக்க மாநிலங்களின் கவுண்டி வீதங்களை வெளியிடும் அட்டவணைகளில் 16க்குக் குறைந்த எண்ணிக்கையை மறைத்துவிடுகிறார்கள். அந்த எல்லையை இங்கும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு மாவட்டங்களை நேரே ஒப்பிட ஒரு கைக்கணக்கு உண்டு. ஒன்றில் 20 பேர், மற்றதில் 25 பேர் என்று வையுங்கள். 1/20 + 1/25 = 0.09, அதன் வர்க்கமூலம் 0.3. அதை 1.96ஆல் பெருக்கி அடுக்குக்குறி மதிப்பு (e-இன் 0.588ஆம் அடுக்கு) எடுத்தால் 1.8. இரு வீதங்களின் விகிதம் 1.5 என்றால், 1.8ஆல் வகுத்துக் கீழ் எல்லை 0.83, பெருக்கி மேல் எல்லை 2.7. இடையில் 1 இருப்பதால் வித்தியாசம் உண்டென்று சொல்ல முடியாது. நான்கு மாவட்டம், இருபது வகைப் புற்று, இரு பால் என்று பார்த்தால் 160 ஒப்பீடு. அவற்றில் நூற்றுக்கு ஐந்து, அதாவது எட்டு அளவில், தற்செயலாகவே "குறிப்பிடத்தக்கது" என்று வரும். எந்த நோயைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை எண்களைத் திறக்குமுன் எழுதி வையுங்கள்.

வீதம் குறைவாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். 70க்கு மேல் வீதம் திடீரென விழுந்தால், அந்த வயதினர் வைத்தியசாலை வரை போகாமலே இறந்திருக்கக்கூடும். அந்த மாவட்டத்தின் மரணப் பதிவுகளோடு ஒப்பிட்டு, மரணச் சான்றிதழில் மட்டும் புற்றுநோய் என்று இருப்பவர்களைத் தேடுங்கள். மாறாக, கிளினிக் ஒன்று புதிதாகத் தொடங்கிய ஆண்டில் மார்பக, தைரொயிட் புற்றுகள் கூடித் தெரிவதும் வழமை.

அறிக்கையில் ஒவ்வொரு வீதத்துக்கும் பக்கத்தில் நோயாளர் எண்ணிக்கை, ஆண்டுகள், பால், நியமம், நம்பக எல்லை ஐந்தும் இருக்க வேண்டும். கிராம அலுவலர் பிரிவு வரை இறங்கி எண்களை வெளியிடாதீர்கள். நூறு குடும்பம் உள்ள ஊரில் "40 வயதுக்குக் கீழ், பெண், 1" என்று ஒரு கட்டத்தில் எழுதினால், அது யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.