விற்கப்போகும் வீட்டு மொசைக்குக்கு மிஷின் போடலாமா?

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருடத்துக்கு முந்திய மாடி வீடு என்றால் கூடத்தில் மொசைக் இருக்கும். அதற்கும் பழைய வீடானால் சிவப்பு ஆக்சைடு, அதாவது காவிப் பொடி கலந்து பூசிய சிமென்ட் தரை. விற்பது என்று முடிவானதும் முதலில் உறுத்துவது மங்கிப்போன அந்தத் தரைதான். "மிஷின் போட்டு வச்சுடுங்க சார், பளிச்சுனு இருக்கும்" என்பார் புரோக்கர்; தரையைத் தேய்த்துப் பாலிஷ் போடும் மிஷினைச் சொல்கிறார். வருகிறவர் வீட்டை வாங்குகிறாரா, மனையை வாங்குகிறாரா என்று அந்தப் புரோக்கரிடமே கேளுங்கள். கடைத்தெருவை ஒட்டிய பழைய வீட்டைப் பெரும்பாலும் இடிக்கத்தான் வாங்குவார்கள். அங்கே பாலிஷுக்குப் போடும் பணம் ஜேசிபிக்குத்தான் போய்ச் சேரும்.

குடியிருக்க வாங்குபவர் என்றால் தரையைச் சோதித்துப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் முதலில் பார்க்கவேண்டியது ஓதம், அதாவது மண்ணிலிருந்து தரைக்கு ஏறும் ஈரம். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்பு கிடையாது. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டு வையுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அந்தத் தரையைத் தேய்த்தாலும் சில மாதத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். எபாக்ஸி, பியூ (பாலியூரித்தேன்) என்று பிளாஸ்டிக் மாதிரி மூடும் கோட்டிங் அடித்தால் இன்னும் மோசம்; ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும்.

அடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் கல்லுக்கு அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது. மிஷின் ஏறினால் அது விரியும். அறைக்கு நாலைந்து கல் என்றால் எடுத்துப் பதித்துவிடலாம். பரணில் மிச்சக் கல் இருக்கிறதா பாருங்கள், அதே நிறம் கடையில் கிடைப்பது அபூர்வம். பாதித் தரையும் பொள்ளல் என்றால் கை வைக்காதீர்கள். அதை விலையில் பேசிக்கொள்ளலாம். கல் உடைந்த இடத்தில் மேல்பூச்சின் கனத்தையும் பாருங்கள். கல் துண்டுகள் (சிப்ஸ்) உள்ள மேல் அடுக்கு மிகவும் மெலிந்திருந்தால் இன்னொரு தேய்ப்பை அது தாங்காது.

மூன்றாவதாக, கதவுக்குப் பின்னால் இரண்டடி இடத்தைச் சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் ஈரத்தின் தடம் கருப்பாக நிற்கவில்லையா? மெருகு இன்னும் உயிரோடு இருக்கிறது. மங்கலுக்குக் காரணம் பழைய மெழுகும் அழுக்கும்தான். கழுவி மெழுகு போட்டாலே போதும். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால்தான் மிஷினுக்கு வேலை. கழுவும்போது கக்கூஸ் ஆசிட் மட்டும் வேண்டாம். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சிப்ஸ். ஆசிட் பட்டதும் நுரைத்து அரித்துப்போகும். அடுப்படியில் புளியும் எலுமிச்சையும் சிந்திய இடம் மட்டும் சொரசொரப்பாக இருப்பதும் இதனால்தான்.

வேலை என்று இறங்கினால் வரிசை இப்படி. மிஷினில் மாட்டும் 60ஆம் நம்பர் தேய்ப்புக் கல்லில் தண்ணீர் விட்டு முதல் தேய்ப்பு. பிறகு தரையின் நிறத்துக்கு ஏற்ற சிமென்ட் கூழைப் பூசி ஊசித்துளைகளை அடைக்க வேண்டும். அது நாலைந்து நாள் ஈரத்திலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால் அடைப்பு பெயர்ந்து வந்துவிடும்; குறை சொல்லப்படும் பாலிஷ்கள் பலவும் இங்கேதான் கெடுகின்றன. அப்புறம் 120, அதன்பின் 320 அல்லது 400. கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி, சதுர மீட்டருக்கு சுமார் 33 கிராம். 200 சதுர அடிக் கூடத்துக்கு ஏறக்குறைய 600 கிராம் பிடிக்கும். தண்ணீர் தெளித்து நமுதாக் கட்டையால் (கம்பளி ஒட்டிய கட்டை) அழுத்தித் தேய்த்து, மறுநாள் ஈரத்துணியால் துடைப்பார்கள். பீரோ காலடியில் வட்டமாக நிற்கும் துருக்கறையும் இதில்தான் போகும். இந்தப் பொடி விஷம், கையுறை கட்டாயம். குழந்தைகளும் மாடும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மிஷினுக்கும் கூழுக்கும் நல்ல தண்ணீர் வாங்கித்தான் ஆகவேண்டும். தேய்க்கும்போது வரும் சேற்றை முற்றத்துத் தூம்பில் தள்ள விடாதீர்கள். உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். வாளியில் அள்ளி, தெளிய வைத்துக் கொட்ட வேண்டும். சுவரில் ஒரு அடி உயரத்துக்குச் சேறு தெறிக்கும், ஆகையால் பெயின்ட் இதற்குப் பிறகுதான். கூலி பேசும்போது ஓரம், ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை), படி மூன்றும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரிய மிஷின் சுவரோடு ஒட்டி வராது. நாலு விரல் அகலம் கைமிஷினுக்கு மிஞ்சும். கணக்குத் தகராறு வருவது அந்த நாலு விரலில்தான்.

எல்லா அறைக்கும் கட்டுப்படியாகாது என்றால் ரேழி, கூடம் இரண்டோடு நிறுத்தலாம். ஆனால் நிலைப்படியில் நிறுத்துங்கள். பாதி அறையில் நின்றால் மங்கலும் பளபளப்பும் அருகருகே தெரிந்து, தேய்க்காத பாதி முன்னைவிடக் கேவலமாகத் தெரியும்.

சிவப்பு ஆக்சைடு தரையில் மிஷினை ஏற்றவே கூடாது. கொத்தனார் கரணையால் இழைத்த நிறப்பூச்சு சில மில்லிமீட்டர்தான்; தேய்த்தால் சாம்பல் நிறத்தில் சிமென்ட் திட்டுத் திட்டாக எட்டிப்பார்க்கும். விரிசலைச் சிமென்டும் காவிப் பொடியும் குழைத்து அடைக்கலாம், ஆனால் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்காது. 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் கையாலேயே லேசாக இழைத்து, சிவப்பு மெழுகு பாலிஷ் தடவி, பழைய வேட்டித் துணியால் தேய்த்தால் போதும். சிலர் அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். நடக்கிற தடத்தில் ஒரே மாதத்தில் உரிந்துவிடும். பார்க்க வருகிறவருக்கு எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது. ஆடியில் வீடு பார்க்க யாரும் வரமாட்டார்கள், காற்றும் நன்றாக அடிக்கும். கூழ் இறுகும் நாளையும் சேர்த்து மொத்தம் பத்து நாள் வேலை. ஆடியில் முடித்தால் ஆவணியில் ஆள் வரும்போது தரை தயார். மெழுகை மட்டும், வருவதாகச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன் போடுங்கள். அன்றே போட்டால் வழுக்கும்.