என்ட்ரி போடும் முன் நம்பர் பேடைச் சோதிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது இது. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் ஒரு தொகை காணாமல் போனால் சும்மா விடமாட்டார்கள்.

முதலில் நோட்பேடைத் திறந்து, கீபோர்டின் வலது ஓர நம்பர் பேடில் 4, 8, 6 தட்டுங்கள். எண் விழுந்தால் சரி. விழாமல் கர்சர் நகர்ந்தால், நம்பர் பேடை எண்ணுக்கும் கர்சர் நகர்த்தலுக்கும் இடையே மாற்றும் நம் லாக் (Num Lock) கீ அணைந்திருக்கிறது. அதை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கை நம்ப வேண்டாம், பல லேப்டாப்களில் அது இருக்காது.

இந்த இரட்டை வேலை பழைய ஏற்பாடு. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் அம்புக்குறிகளுக்குத் தனி கீ கிடையாது, எண் கீகளே அதையும் பார்த்தன.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஆத்தங்குடி டைல்ஸ் பில் ஒன்றை எக்செலில் போடுகிறீர்கள். காலிக் கட்டத்தில் நின்று 12.5 என்று தட்டுகிறீர்கள். நம் லாக் அணைந்திருந்தால் 1 என்பது எண்ட், 2 என்பது கீழ் அம்பு. இரண்டும் சேர்ந்து கர்சரைக் கீழே அடுத்து நிரம்பியிருக்கும் கட்டத்துக்குத் தாவவைக்கும். பெரும்பாலும் அது மொத்தத் தொகைதான். அடுத்து வரும் புள்ளி, டெலிட்! மொத்தம் அழிந்துவிடும், 5 எதுவும் செய்யாது. திரையைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே தட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. உடனே கண்ட்ரோல்+இசட் அழுத்துங்கள்.

அப்புறம் ஷிஃப்ட். விண்டோஸில் நம் லாக் எரியும்போது ஷிஃப்டோடு 7 தட்டினால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். நம் லாக் அணைந்திருக்கையில் அதையே செய்தால் எழுத்துகள் செலக்ட் ஆகும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அப்போது 7 என்றே விழும். இரண்டு சிஸ்டத்திலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் ஷிஃப்டில் விரல் படாமல் பழகுவது நல்லது.

மேக்கில் நம் லாக்கே கிடையாது, அந்த இடத்தில் கிளியர் இருக்கும். எப்போதும் எண்தான் விழும். எக்செலில் மட்டும் விழாவிட்டால் ஷிஃப்ட்+கிளியர் அழுத்திப் பாருங்கள்.

சிறிய பழைய லேப்டாப்பில் யு, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 விழுகிறதா? எழுத்துக் கீகளுக்குள் ஒளிந்திருக்கும் நம்பர் பேட் விழித்துவிட்டது. எஃப்என் கீயோடு நம் லாக்கை அழுத்தினால் அடங்கும். அந்தக் கீ வேலை செய்யாவிட்டால் விண்டோஸ்+கண்ட்ரோல்+ஓ அழுத்தி, திரையில் வரும் கீபோர்டின் ஆப்ஷன்ஸில் நம்பர் பேடை இயக்கி, அங்கே நம் லாக்கை அணைக்கலாம்.

அளவு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி நம்பர் பேடில் 0189 தட்டி, ஆல்ட்டை விட்டால் ½ வரும், 0188 தட்டினால் ¼. மேல் வரிசை எண்களில் இது நடக்காது.