110 மீட்டர் தடை ஓட்டம்: நம் பிள்ளைகள் எங்கே நேரத்தை இழக்கிறார்கள்?

2016 ஜூன் மாதம் ஆப்பிரிக்கத் தடகளச் சாம்பியன்ஷிப் இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வார இறுதிகளில் நான் தடை ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஏழெட்டுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கிங்ஸ் பார்க் அரங்கத்துக்குப் போனேன். ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் நாட்டின் அன்டோனியோ அல்கானா தங்கம் வென்றார். பையன்களுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. வீடு திரும்பும் வழியில், "என்னடா பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். கால் எப்படி நீண்டது, உடம்பு எப்படி வளைந்தது, தடைக்கு மேலே எப்படிப் பறந்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே அந்தக் கால்கள் என்ன செய்தன என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது: இந்தப் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதி, கண் போகும் இடத்தில் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண்கள் ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 1.067 மீட்டர் உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே 9.14 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோட்டுக்கு 14.02 மீட்டர். தேர்ந்த வீரர் தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னால் கால் ஊன்றிக் கிளம்புகிறார், அதைத் தாண்டி ஒன்றேகால் மீட்டர் அளவில் இறங்குகிறார். பத்துத் தடைக்கும் சேர்த்துக் காற்றில் கழிவது முப்பது முப்பத்தைந்து மீட்டர்தான். மீதி முழுவதும் தரை. பந்தயத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டம் என்றால், அதை ஓட்டக்காரனாகத்தானே ஓட வேண்டும்? நம் பிள்ளைகளோ பத்து உயரம் தாண்டுதலை வரிசையாகச் செய்கிறார்கள்.

காற்றில் இருக்கும்போது யாராலும் வேகத்தைக் கூட்ட முடியாது. உதைத்துத் தள்ளத் தரை வேண்டும். ஒரு பையன் தேவைக்கு ஒரு சாண் அதிகமாக எழும்பினால் அந்தச் சாண் கீழே இறங்கவும் நேரம் பிடிக்கும். தடைக்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு வீணானால் பத்துத் தடையில் அரை வினாடி போய்விட்டது. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் தங்கம் வென்ற ஜமைக்காவின் ஹான்சில் பார்ச்மென்ட் ஓடியது 13.04 வினாடி, வெண்கலம் பெற்ற ரொனால்ட் லெவி ஓடியது 13.10. நடுவில் இருந்தது 0.06 வினாடி.

ஆனால் "குதிக்காதே, ஓடு" என்று சொன்னால் மட்டும் பையன் ஓடிவிடமாட்டான். அவன் ஏன் குதிக்கிறான்? பயம். தடையை நெருங்க நெருங்க அடிகள் சிறுத்து, தயங்கி, தடைக்கு மிக அருகில் வந்து நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. அங்கிருந்து மேல்நோக்கித் தாவுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பயத்தைப் பெரும்பாலும் நாமே உண்டாக்குகிறோம் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பயிற்சிக்கு உதவப் போயிருந்தேன். எல்லாத் தடைகளும் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. தடையின் அடிக்கால்கள் ஓடிவருபவனின் பக்கம் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் இடித்தால் அது முன்பக்கம் சாயும். மாற்றி வைத்தால் அந்த நீண்ட அடிக்கால் முட்டுக்கொடுத்ததுபோல் நின்று, தடை சாய மறுக்கும், பிள்ளைதான் விழும். அங்கே முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுவன் அடுத்த வாரமே கால்பந்துக்குப் போய்விட்டான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். விதிப்படி, மேல்கட்டையின் நடுவில் 3.6 முதல் 4 கிலோ வரை விசை கொடுத்தால் தடை சாய்ந்துவிட வேண்டும். உயரத்தை மாற்றும்போது அடியில் இருக்கும் எடைகளையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டியது இதற்காகத்தான். அதை மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு முன் ஒவ்வொரு தடையையும் நானே கையால் தள்ளிப் பார்ப்பது வழக்கம். ஐந்து நிமிட வேலை.

உயரமும் அப்படித்தான். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 0.914 மீட்டர், 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு 0.991 மீட்டர் என்று உலகப் போட்டிகளிலேயே படிப்படியாக வைத்திருக்கிறார்கள். 14 வயதுப் பையன் முன் பெரியவர்களின் தடையை வைத்து, "அல்கானா தாண்டவில்லையா?" என்று கேட்பது நியாயம் இல்லை. முழங்கால் உயரத்தில் தொடங்குங்கள், இடைவெளியையும் குறைத்து வையுங்கள். நடுவில் மூன்றே காலடி என்ற தாளம் உடம்பில் ஏறிய பிறகு உயரம் தானாக வரும். தாளம் வருவதற்குள் உயரத்தைக் கூட்டினால் நான்கு அடி, ஐந்து அடி என்று தடுமாறுவான். அந்தத் தடுமாற்றமே பழக்கமாகிவிடும்.

இந்த மூன்று அடியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 9.14 மீட்டரில் இறங்கும் தூரத்தையும் கிளம்பும் தூரத்தையும் கழித்தால் மூன்று அடிக்கு மிஞ்சுவது ஆறு மீட்டருக்கும் குறைவு. சாதாரண 100 மீட்டர் வீரனின் அடியைவிட இது குட்டை. வளர்ந்த, கால் நீண்ட பையன்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இடைவெளி அகலமாகத் தெரிவதால் எட்டி எட்டி வைக்கிறார்கள், கடைசியில் தடை மூக்குக்கு நேரே வந்துவிடுகிறது. அடியை நீட்டாமல் விரைவாக வைக்கக் கற்க வேண்டும். மூன்றாவது அடி இரண்டாவதைவிடக் கொஞ்சம் குறுகியிருந்தால் இடுப்பு உயர்ந்து நிற்கும், உடம்பு முன்னோக்கிப் போகும். நான் பையன்களைக் கண்ணை மூடிக்கொண்டு என் தடையோட்டத்தைக் காதால் கேட்கச் சொல்வேன். தவிலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுபோல் காலடிச் சத்தம் சீராக வர வேண்டும். காவடிக்குத் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

காவடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே பள்ளித் தடகளப் பருவம் ஆண்டின் முதல் மாதங்களில் வருகிறது, தைப்பூசமும் அப்போதுதான். விரதம் இருக்கும் பையன் டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் முழுவேகத் தடைப் பயிற்சி செய்யக் கூடாது. களைத்த கால் தாழ்ந்து போகும், தாழ்ந்த கால் இடிக்கும். அந்த நாட்களில் உயரம் குறைத்து நடைப்பயிற்சியாகச் செய்தால் போதும். விரதத்தையும் விட வேண்டாம், ஓட்டத்தையும் விட வேண்டாம்.

தடைக்கு மேலே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்காலைப் பாதத்தால் வீசாமல் முழங்காலை முதலில் உயர்த்த வேண்டும். பின்காலின் முழங்கால் பக்கவாட்டில் விரிந்து, அக்குளுக்கு அடியில் வருவதுபோல் முன்னால் வர வேண்டும். அது பாதியில் தொங்கிப்போனால் இறங்கிய முதல் அடி குறுகி, மூன்றடித் தாளமே உடைந்துவிடும். கைகள் விரியக் கூடாது. 2011 தேகு உலகச் சாம்பியன்ஷிப்பில் முதலாவதாக வந்தவர் கியூபாவின் டேரன் ரோப்லெஸ். பக்கத்துப் பாதையில் ஓடிய சீனாவின் லியூ சியாங்கின் கையில் அவருடைய கை பட்டதால் தகுதி நீக்கப்பட்டார், தங்கம் அமெரிக்காவின் ஜேசன் ரிச்சர்ட்சனுக்குப் போயிற்று.

தொடக்கத்தில் நடக்கும் தவறு வேறு வகை. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் கிளம்புவதற்குப் பதில் ஊகித்துக் கிளம்புவது. சத்தம் கேட்டு 0.100 வினாடிக்குள் அசைந்தால் தவறான தொடக்கம், 2010 முதல் ஒரே தடவையில் வெளியேற்றம். 2022 யூஜின் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் அமெரிக்காவின் டெவன் ஆலன் 0.099 வினாடியில் அசைந்தார் என்று கருவி காட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஓடாமலே வெளியேறினார். அந்த முடிவு இன்றும் என் மனதுக்கு ஒப்பவில்லை. இருந்தாலும் பையன்களிடம் விதியை விதியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் தடைக்கு எத்தனை அடி என்பதிலும் பார்த்துச் செய்யும் தவறு ஒன்று உண்டு. எட்டு அடி வைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவின் ஏரிஸ் மெரிட் ஏழு அடிக்கு மாறி 2012 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் 12.80 வினாடி என்ற உலகச் சாதனை படைத்ததைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாப் பையன்களும் ஏழு அடி கேட்கிறார்கள். ஏழு அடிக்கு வலுவான, நீண்ட உந்தல் வேண்டும். தொடக்கக் கட்டையில் எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தடையைப் பழகாத காலால் தாண்ட வேண்டியிருக்கும். வளரும் பையனுக்கு எட்டே நல்லது.

போன ஆண்டு ஒரு பையனின் ஆயா பந்தயம் பார்க்க வந்திருந்தார். பேரன் மூன்று தடைகளைச் சாய்த்துவிட்டு இரண்டாவதாக வந்தான். "தம்பி, கட்டையைத் தள்ளிவிட்டானே, சேர்த்துக்கொள்வார்களா?" என்று கவலையோடு கேட்டார். "சேர்த்துக்கொள்வார்கள் ஆயா, ஓடும்போது கால் பட்டுச் சாய்ந்தால் தவறில்லை" என்றேன். அவர் கேட்டதில் பிழை இல்லை. ஒரு காலத்தில் தடைகளைச் சாய்த்தால் வெளியேற்றும் விதி இருக்கத்தான் செய்தது. இன்று கையால் தள்ளினாலோ, தடையின் பக்கவாட்டில் மேல்கட்டை மட்டத்துக்குக் கீழே காலைக் கொண்டுபோனாலோ, பக்கத்துப் பாதையின் தடையைச் சாய்த்து அங்கே ஓடுபவரைப் பாதித்தாலோதான் ஆபத்து. ஆகவே இடித்த தடையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்த அந்தக் கணத்தில் அடுத்த தடை வந்துவிடும்.

வலியை மறைப்பது இன்னொன்று. 2004 ஏதென்ஸில் 12.91 ஓடித் தங்கம் வென்ற லியூ சியாங், 2012 லண்டனில் முதல் தடையிலேயே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். எழுந்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே முடிவுவரை போனார், கடைசித் தடைக்கு முத்தம் கொடுத்தார். நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்து அழுதோம். அந்த உறுதியைப் பிள்ளைகள் மதிக்கட்டும். ஆனால் குதிகால் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் அன்றைக்கு அவனுக்குத் தடை கிடையாது.

நேரத்தை ஒப்பிடும்போதும் ஏமாறாதீர்கள். ஜோகனஸ்பர்க்கின் உயரத்தில் காற்று மெல்லியது, ஓடும் நேரம் குறையும். டர்பனில் கடல்மட்டத்தில் ஓடும் பையன் அதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. அல்கானா 2017இல் 13.11 வினாடியில் தென்னாப்பிரிக்கச் சாதனை படைத்தது பிராக் நகரில், இந்த உயரத்தின் உதவி இல்லாமல். வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று வீசினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. எங்கள் ஊர்க் கடற்காற்று முதுகில் அடித்தால் பையன்கள் மகிழ்கிறார்கள், ஆனால் அது அவர்களைத் தடையின் மேலேயே கொண்டு மோதுகிறது. அன்றைக்கு அடியை இன்னும் குறுக்கி வைக்க வேண்டும்.

போட்டி நாளுக்கு ஒரு செய்தி. டோக்கியோவில் அரையிறுதி நாளன்று பார்ச்மென்ட் தவறான பஸ்ஸில் ஏறி வேறொரு அரங்கத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்த தன்னார்வலப் பெண் ஒருவர் டாக்சிக்குப் பணம் கொடுத்ததால்தான் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். தங்கம் வென்ற பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பதக்கத்தைக் காட்டிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். உலக வீரருக்கே வழி தவறுகிறது. பிள்ளையை ஒரு மணி நேரம் முன்பே அரங்கத்தில் இறக்கிவிடுங்கள்.

கடைசி 14.02 மீட்டரை இறுதியில் வைத்திருக்கிறேன், பந்தயத்திலும் அது அங்கேதான் இருக்கிறது. பத்தாவது தடையைத் தாண்டியதும் பையன்களின் முகத்தில் 'முடிந்தது' என்ற நிம்மதி வருகிறது, தோள் தளர்கிறது. டோக்கியோ இறுதியில் அதுவரை முன்னால் இருந்த அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவேயைப் பார்ச்மென்ட் முந்தியது கடைசிப் பகுதியில்தான். டர்பனிலேயே பிறந்த சிட்னி அட்கின்சன் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடைசித் தடையில் இடித்துத் தடுமாறி வெள்ளியோடு திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அதே ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். இப்போது எங்கள் பயிற்சியில் பதினோராவது தடை ஒன்றை முடிவுக்கோட்டுக்கு அப்பால், பார்வையில் படும்படி வைத்திருக்கிறேன். அதை யாரும் தாண்ட வேண்டியதில்லை. அதை நோக்கி மூன்றடித் தாளத்தில் ஓடி வந்து, கோட்டில் நெஞ்சை நீட்டி, அதற்குப் பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.