உபின் தீவின் பார்பியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் உபின் தீவில், இறந்துபோன ஒரு ஜெர்மன் பெண்ணைப் பார்பி பொம்மை உருவில் வழிபடும் சிறு கோயில் இருக்கிறது. அங்கே போவதென்றால் முதலில் ஒரு முகப்பவுடர் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய், வெற்றிலை எல்லாம் வேண்டாம். அங்கே குடியிருப்பவள் அந்த ஜெர்மன் பெண். வாசனைத் திரவியம், உதட்டுச் சாயம், நகப்பூச்சு, கைக்கண்ணாடி, இவைதான் அவளுக்குப் படையல்.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ரொக்கம் வைத்திருங்கள். இறங்கியதும் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். என் முழங்கால் ஒத்துழைக்காததால் நான் வேனில் போனேன். தீவின் மேற்கே, கேத்தாம் என்ற பழைய கல்குவாரிப் பக்கம், மஞ்சள் நிறச் சிறு கோயில்.

போகுமுன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், இங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மன் குடும்பத்தைச் சிறைபிடிக்க ஆங்கிலேயப் படை வந்ததாம். பயந்து ஓடிய மகள் பள்ளத்தில் விழுந்து இறந்தாளாம். எறும்பு மொய்த்துக் கிடந்த உடலைத் தீவுவாசிகள் மண் தூவி, ஊதுபத்தி ஏற்றி வழிபடத் தொடங்கினார்கள் என்பது செவிவழிக் கதை. பார்பி வெகுகாலம் கழித்து வந்தது. அந்தப் பெண்ணே ஒரு பக்தரின் கனவில் வந்து அந்தப் பொம்மையைக் கேட்டாள் என்கிறார்கள். ஆகவே பேய் பிடித்த பொம்மை என்று அலறாதீர்கள். அது அவளுக்கு உருவம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில், கீ வெஸ்ட் அருங்காட்சியகத்தில் ராபர்ட் என்றொரு பொம்மை இருக்கிறது. அனுமதி கேட்காமல் படம் எடுத்தவர்கள் கெடுதல் வந்ததென்று அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார்கள். சிரிப்பு வந்தாலும் அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டிலும் விஜயதசமி இரவில் கொலுப் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்துத் தூங்கச் சொல்கிறோமே! ஆகவே கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உடையையோ முடியையோ தொடாதீர்கள். என் மரப்பாச்சிக்குத் தைப்பதுபோல் ஒரு பட்டுப்பாவாடை தைத்துக் கொண்டுபோனேன். உடுத்திவிடக் கை துறுதுறுத்தது, ஆனாலும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். லாட்டரிக்காக அவளிடம் நான்கு இலக்க எண் கேட்கிறவர்கள் அவர்கள் பாடு.

தின்பண்டத்தை மட்டும் கையில் தொங்கவிடாதீர்கள். காட்டுப்பன்றிகள் உலவும் இடம். என் முறுக்கு பையோடு போயிற்று.