லைனரையும் சோதித்து வாங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லேபிள் அச்சடிக்கும் சின்னக் கடை எங்களுடையது. முறுக்கு பாக்கெட், ஊறுகாய் பாட்டில், செம்பனைத் தோட்டத்து மருந்து டப்பா என்று எல்லாவற்றுக்கும் லேபிள் போடுகிறோம். ஸ்டிக்கர் ரோல் வாங்குபவர்கள் மேல்தாளைத் தடவிப் பார்ப்பார்கள், பசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பின்னால் உரித்து எறிகிற லைனரை யாரும் கண்டுகொள்வதில்லை. பாதிப் பிரச்சினை அங்கிருந்துதான் வருகிறது.

லைனர் என்பது தாள் அல்லது பிளாஸ்டிக் படலம். அதன்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சிலிக்கோன் பூச்சு. அவ்வளவுதான்.

லேபிளை ஒட்டப்போவது கையா இயந்திரமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இயந்திரம் என்றால் கிளாசின் என்ற வழவழப்பான தாள் நல்லது: மெல்லியது, தடிமன் சீரானது, வெளிச்சம் ஊடுருவுவதால் லேபிளுக்கு லேபிள் உள்ள இடைவெளியை சென்சார் பிடித்துக்கொள்ளும். வேகம் மிக அதிகமென்றால் பெட் (PET) பிளாஸ்டிக் படலம், லேசில் அறுந்துபோகாது. ஷீட்டாக வெட்டிக் கையால் உரிப்பதற்குக் கனமான கிராஃப்ட் தாள் போதும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த தாள் லைனர் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பாலியெத்திலின் பூசிய கிராஃப்ட் தட்டையாகவே கிடக்கும். விலை கூடத்தான், ஷீட் வேலைக்கு நான் அதையே வாங்குவேன்.

அக்ரிலிக் பசைக்கும் ரப்பர் பசைக்கும் சாதாரண சிலிக்கோன் லைனர் சரி. சூடு தாங்கும் டேப்புகளில் வரும் சிலிக்கோன் பசைக்கு அது ஆகாது, இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். அதற்கு ஃபுளோரோசிலிக்கோன் (ஃபுளோரின் சேர்ந்த சிலிக்கோன்) பூசிய லைனரைக் கேட்டு வாங்க வேண்டும்.

“ரொம்ப ஈசியா உரியும் அக்கா” என்று சப்ளையர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பிடிப்பு அளவுக்கு மீறித் தளர்ந்தால், லேபிளை வெட்டிச் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது அதோடு லேபிளும் கிளம்பி வந்துவிடும்.

இனி சோதனை. லைனரை விரலால் அழுத்தித் தேயுங்கள். பூச்சு மங்கலாக இழுபட்டால் சிலிக்கோன் சரியாக இறுகவில்லை. அப்புறம் ஒரு நல்ல டேப்பை லைனரில் அழுத்தி ஒட்டி, உரித்து, எவர்சில்வர் தட்டில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அதே சுருளிலிருந்து புது டேப் ஒன்று. முதலாவது சட்டென்று கழன்றால் சிலிக்கோன் பசைக்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த லேபிள் எண்ணெய் பாட்டிலில் நிற்காது.

வாங்கிய அன்று உரித்துப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. சூட்டில், நாள்பட, பிடிப்பு ஏறும். சிலிக்கோன் முழுதாக இறுகாமல் மேலே அக்ரிலிக் பசையும் இருந்தால் இன்னும் ஏறும். உங்கள் பசை பூசிய துண்டுகளைக் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள், ஒரு பாதியை நிழலில், மறு பாதியை மதிய வெயிலில் நிறுத்திய வேனுக்குள். சில நாள் கழித்து இரண்டையும் உரித்து ஒப்பிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் 70 டிகிரி அடுப்பு வைத்திருப்பார்கள், நமக்கு வேன்.

மெதுவாகவும் உரியுங்கள், வெடுக்கென்றும் இழுங்கள். ஐரோப்பிய லேபிள் துறைச் சங்கமான ஃபினாட்டின் முறையில் நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் 180 டிகிரி மடக்கி இழுத்து எடுத்த உரிப்பு விசை எண்ணைத்தான் சப்ளையர்கள் பெரும்பாலும் காட்டுவார்கள். இயந்திரம் ஓடுவதோ மீட்டர் கணக்கில். வேகச் சோதனையின் எண் தனி, அதையும் கேளுங்கள்.

தாள் லைனருக்கு இன்னொன்று: வளர்ப்பு மீன் கடையில் விற்கும் மெத்திலீன் நீலத்தைத் தடவி, சற்று விட்டுத் துடையுங்கள். சிலிக்கோன் படாத இடமெல்லாம் நீலப் புள்ளியாக நிற்கும். வெட்டிய பிறகு செய்தால் கத்தி எங்கே லைனரைக் கீறியது என்பதும் தெரிந்துவிடும். பெட் படலம் சாயத்தை உறிஞ்சாது, அதில் இது பலிக்காது.

மாதிரியை ரோலின் நடுவிலிருந்து மட்டும் வெட்டாமல் இரு ஓரங்களிலிருந்தும் எடுங்கள். ஒரு துண்டில் பேட்ச் எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், தீபாவளி ஆர்டருக்கு அதே சரக்குதான் வந்ததா என்று சப்ளையரோடு வாதாட ஆதாரம் கையில் இருக்கும்.